மேகாலயத்துக் குடுவைச் செடி

இந்தியாவில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் ஒன்றே ஒன்றுதான்: நெப்பந்தஸ் காசியானா. மேகாலயத்தின் காரோ, காசி, ஜைந்தியா மலைகள்தாம் அதன் பிறப்பிடம். பள்ளித் தாவரவியல் பாடத்தில் 'பூச்சியுண்ணும் தாவரங்கள்' பகுதியில் அதன் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். இலை நுனியில் ஒரு குடுவை, அதன் வாய்க்கு மேல் ஒரு மூடி. அந்தப் படத்தைத் தாண்டிச் செடியை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கும், அந்தப் பேரினத்தில் ஒன்றை மாடியிலோ பால்கனியிலோ வளர்க்க நினைக்கிறவர்களுக்கும் இந்த அத்தியாயம் பயன்படும். ஆனால் இந்த இரண்டு ஆசைகளுக்கும் நடுவே சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மண்ணையும் தண்ணீரையும் பற்றிப் பேச வேண்டும்.

வாங்குவதற்கு முன்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் என்றதும் புலியும் யானையும்தான் நினைவுக்கு வரும். 1991இல் அதில் திருத்தம் செய்து தாவரங்களுக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அப்போது பட்டியலில் இடம்பெற்றவை ஆறே பெயர்கள். நெப்பந்தஸ் காசியானா அவற்றில் ஒன்று. 2022 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பட்டியல் மூன்றாம் அட்டவணையாக மாறியிருக்கிறது. செடிக்கான பாதுகாப்பு மாறவில்லை. காட்டிலிருந்து பிடுங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தலைமை வன உயிரினக் காப்பாளரின் உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் குற்றம்தான். அந்த மலைகளின் பழங்குடி மக்கள் தம் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது, நமக்கு இல்லை.

பன்னாட்டு அளவிலும் இதே இறுக்கம்தான். உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் நெப்பந்தஸ் பேரினம் முழுவதும் இருக்கிறது. அதைவிடக் கடுமையான முதல் பட்டியலில் இருப்பவை இரண்டு இனங்கள் மட்டுமே. ஒன்று போர்னியோவின் கினபாலு மலைப் பகுதியில் வளரும் நெப்பந்தஸ் ராஜா. மற்றொன்று நம் காசியானா.

இதனால் வாசகர் செய்ய வேண்டியது எளிது. 'காசியானா' என்ற பெயரில் யார் செடி விற்றாலும் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும்: மலையிலிருந்து திருடப்பட்ட செடியாக இருக்கும், அல்லது வேறேதோ கலப்பினத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டியிருப்பார்கள். இரண்டுமே வேண்டாம். இணையக் கடைகளில் 'குடுவைச் செடி விதை' என்று பொட்டலம் விற்பதையும் நம்பாதீர்கள். நெப்பந்தஸ் விதை நூலிழைபோல மெலிந்து நீண்டிருக்கும், நடுவில் மட்டும் சற்றே தடித்திருக்கும், ஊதினால் பறந்துவிடும். உருண்டையாகவோ மணிபோலவோ விதையைக் காட்டும் படம் பொய். உண்மையான விதையும் நாள்பட்டால் முளைக்காது.

வீட்டுக்கு ஏற்றது 'வென்ட்ராட்டா' என்ற கலப்பினம். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த வென்ட்ரிகோசாவையும் அலாட்டாவையும் கலந்து உருவானது. திசு வளர்ப்பில் பெருக்கப்படுவதால் அதற்காக எந்தக் காடும் வெறுமையாவதில்லை, விலையும் எட்டக்கூடியது. வெயில் அதிகமான கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மிராபிலிஸ் இனத்தையும் தேடலாம். தென்சீனாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடமுனைவரை சமவெளிகளில் பரந்து வளர்வது அது, வெப்பத்துக்கு அஞ்சாது. எதை வாங்கினாலும் நாற்றங்காலில் பெருக்கப்பட்ட செடி என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செடி வாழும் இடம்

எந்த நெப்பந்தஸை வளர்த்தாலும், அது எத்தகைய மண்ணில் உருவான குடும்பம் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காசியானாவை வைத்தே அதைப் பார்ப்போம்.

காசி மலையின் தெற்கு விளிம்பில் இருக்கும் சோரா, நாம் சிரபுஞ்சி என்று படித்த ஊர், ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறுகிறது. சென்னையின் ஆண்டு மழையைவிட எட்டு மடங்கு. இத்தனை மழை பெய்கிற மண் வளமாக இருக்கும் என்றுதான் தோன்றும். உண்மை நேர்மாறானது. மணற்பாறையின் மீது படிந்த மெல்லிய மண்ணிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சுண்ணாம்பையும் மழை அலசிக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது புளிப்பான, உப்பற்ற, சத்தற்ற மண். மரங்கள் தயங்கும் அந்தச் சரிவுகளில், புல்லுக்கும் புதருக்கும் இடையே குடுவைச் செடி வேர்விடுகிறது. வேர்கள் மெல்லியவை, கறுப்பானவை. செடியைப் பிடித்து நிறுத்தவும் தண்ணீர் எடுக்கவும் போதுமானவை. உணவுக்கான பொறுப்பில் பெரும்பங்கு இலைக்கு வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேகாலயத்தில் ஆண்டு முழுவதும் மழை இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட காலம்; இரவுகள் குளிர்ந்துவிடும். மழைக்காலத்து ஈரம், குளிர்காலத்து வறட்சி இரண்டையும் பார்த்துப் பழகிய செடி இது. ஆகவேதான் நெப்பந்தஸ் இனங்களில் பிடிவாதம் குறைந்ததாகத் தாவரவியல் தோட்டக்காரர்கள் காசியானாவைச் சொல்கிறார்கள். தோட்டத்தில் வளர்க்க எளிது, காட்டில் காப்பாற்றக் கடினம் என்பது இந்தச் செடியின் நிலை.

இதற்குப் பெயர் வைத்தவர் ஜோசப் ஹூக்கர். 1850இல் அவர் காசி மலைகளில் மாதக்கணக்கில் சுற்றித் தாவரங்களைச் சேகரித்தார். இனத்தை முறைப்படி விவரித்தது 1873இல். அடுத்த ஆண்டே பெல்ஃபாஸ்ட்டில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் கழகக் கூட்டத்தில், நெப்பந்தஸ் குடுவைகளுக்குள் முட்டை வெள்ளைக்கருவையும் இறைச்சித் துணுக்குகளையும் இட்டு அவை கரைவதைக் கண்டதாக அறிவித்தார். செடி ஒன்று ஜீரணிக்கிறது என்பதை ஏற்கப் பலருக்கு மனம் வராத காலம் அது. பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய டார்வினின் நூல் 1875இல்தான் வந்தது.

குடுவை வேலை செய்யும் விதம்

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வளர்ப்பவர்கள் குடுவையில் செய்யும் அநாவசியமான தலையீடுகள் பெரும்பாலும் அதன் அமைப்பு தெரியாததால் வருபவை.

குடுவை என்பது பூ அல்ல, இலையின் ஒரு பகுதி. இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டிக் கொடிபோல நீண்டு, அதன் முனை வீங்கிக் குடுவையாகிறது. மூடி திறக்கும்வரை உள்ளே இருக்கும் நீர், செடி தானே சுரந்தது, மழைநீர் அல்ல. தரைக்கு அருகே தோன்றும் குடுவைகள் குட்டையாக, முன்பக்கம் இரண்டு மயிரடர்ந்த விளிம்புகளோடு இருக்கும். செடி கொடியாகி மேலேறத் தொடங்கியதும் வரும் குடுவைகள் ஒல்லியாக, விளிம்புகள் தேய்ந்து, புனல்போல இருக்கும். ஒரே செடியில் இரண்டு வடிவங்களையும் பார்த்து 'வேறு இனம் கலந்துவிட்டது' என்று குழம்ப வேண்டியதில்லை.

மூடியின் அடிப்புறத்திலும் வாயின் விளிம்பிலும் தேன் சுரக்கிறது. அதைத் தேடி எறும்பு வரும். விளிம்பில் நெருக்கமான வரிகள் ஓடுகின்றன; அவற்றின் மீது நீர் படிந்தால் மெல்லிய படலமாகப் பரவிவிடும். மழைக்காலத்துப் பாசி பிடித்த கிணற்றுப் படியில் கால் நிற்காததுபோல, அந்தப் படலத்தின் மேல் எறும்பின் பாதம் பிடிமானம் இழக்கிறது. உள்ளே விழுந்தால் சுவரின் மேற்பகுதியில் மெழுகுப் பூச்சு, ஏற முடியாது. கீழே நீரில் நெப்பந்தசின் என்ற புரதம் கரைக்கும் நொதியும், பூச்சியின் மேலோட்டைச் சிதைக்கும் கைட்டினேஸும் காத்திருக்கின்றன.

இந்த விளிம்பு எப்போதும் வழுக்குவதில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி. வெயிலில் காய்ந்திருக்கும்போது எறும்புகள் அதன்மேல் தாராளமாக நடந்து, தேனைக் குடித்துவிட்டுப் பத்திரமாகத் திரும்புகின்றன. திரும்பிய எறும்பு கூட்டத்தை அழைத்து வருகிறது. அதற்குள் மழையோ பனியோ விளிம்பை நனைத்துவிட்டால் கூட்டமாக விழுகின்றன. போர்னியோவின் நெப்பந்தஸ் ரஃப்லிசியானாவில் ஆய்வாளர்கள் விளிம்பைத் தொடர்ந்து ஈரமாகவே வைத்துப் பார்த்து 2015இல் இதை உறுதிசெய்தார்கள்: எப்போதும் ஈரமான குடுவைகளுக்குத் தனியாக வரும் பூச்சிகள் கிடைத்தன, எறும்புக் கூட்டங்கள் கிடைக்கவில்லை. எனவே குடுவையின் வாயை நாள் முழுவதும் ஸ்ப்ரேயால் நனைத்துக்கொண்டிருப்பது அதற்கு உதவி அல்ல.

காசியானாவைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் பல, நமக்கு மிக அருகில், திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்திருக்கின்றன. குடுவையின் விளிம்பு புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வதை அவர்கள் 2013இல் வெளியிட்டார்கள். அந்த ஒளிர்வை மறைத்தபோது சிக்கும் பூச்சிகள் வெகுவாகக் குறைந்தன. 2017இல் வந்த மற்றொரு கட்டுரை, மூடிய குடுவைக்குள் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு செறிந்திருப்பதையும், திறந்த பின் அது கசிந்து பூச்சிகளை ஈர்ப்பதையும் காட்டியது. இரை விழுந்ததும் அதற்குப் போட்டியாகப் பூஞ்சை வளராமல் தடுக்கும் டிரோசெரோன் போன்ற சேர்மங்களையும் காசியானா குடுவை சுரக்கிறது. நொதி, புளிப்பு, பூஞ்சைத் தடுப்பு எல்லாம் கலந்த அந்த நீரைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒளிர்வை நீங்களே பார்க்கலாம். 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா டார்ச் கடைகளில் கிடைக்கிறது. இருட்டில், சற்றுத் தள்ளி நின்று, புதிதாகத் திறந்த குடுவையின் விளிம்பின் மீது அடியுங்கள். டார்ச் ஒளி யார் கண்ணிலும் நேராகப் படக்கூடாது.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு

மழை ஓய்ந்த பிறகு செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர்வரை போங்கள். மழைக்காலத்தில் வளர்ந்த குடுவைகள் அப்போது முழு அளவில் இருக்கும், பாதைகளிலும் நடக்க முடியும். குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங், அங்கிருந்து ஜோவாய், ஜோவாயிலிருந்து அம்லாரம் வழியாக டாக்கி செல்லும் சாலையில் ஜராயின். செடியைப் பார்க்க எளிதான இடம் இதுதான். காரோ மலைகளின் தென்கோடியில், சிம்சாங் ஆற்றங்கரையில் இருக்கும் பாக்மாராவில் இந்தச் செடிக்கென்றே ஒரு சரணாலயம் உண்டு. பரப்பளவு மூன்று ஹெக்டேருக்கும் குறைவு. பெரிய காட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ஒரே ஒரு செடி இனத்துக்காக அரசு வேலி போட்ட இடம் என்ற அளவில் அதைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

மேகாலயத்தில் நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது அல்ல. குலங்களுக்கும் ஊர்களுக்கும் தனிக் குடும்பங்களுக்கும் உரியது. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் புதருக்குள் இறங்குவது பெரும்பாலும் ஒருவருடைய நிலத்துக்குள் நுழைவதாகத்தான் இருக்கும். ஊரில் ஒருவரைக் கேட்டு, அவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு, அதற்குரிய கூலியைக் கொடுங்கள். காரோ மொழியில் 'மெமாங் கொக்சி', காசி மொழியில் 'டியூ ராகோட்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். இந்தச் செடி தம் நிலத்தில் இருப்பதால் ஒரு வருமானம் வருகிறது என்று நிலத்துக்காரர் உணர்வது, எந்த அறிவிப்புப் பலகையையும்விடச் செடிக்குப் பாதுகாப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏனென்றால் நிலத்தின் மற்றப் பயன்கள் செடியைவிட அதிகப் பணம் தருபவை. ஜைந்தியா மலையில் நிலக்கரி; பல இடங்களில் சுண்ணாம்புக்கல்; தவிர வெட்டி எரித்துச் செய்யும் ஜூம் சாகுபடி, சாலை விரிவாக்கம். நிலக்கரிக்காகக் குறுகலாகத் தோண்டும் எலிவளைச் சுரங்கங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை விதித்தது. ஆனால் தோண்டிய நிலத்தில் செடி தானாகத் திரும்பி வருவதில்லை. இவற்றோடு, வேடிக்கைப் பொருளாகச் செடியை விற்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் அபாயத்தில் உள்ள இனம்.

செடியருகே நடந்துகொள்ளும் முறை: அடிப்பகுதியைச் சுற்றி மிதிக்காதீர்கள், வேர் மேலாகவே இருக்கிறது. தரைக் குடுவைகள் புல்லுக்குள் மறைந்திருக்கும், கால் வைக்கும் முன் பாருங்கள். படம் எடுக்கக் குடுவையைத் திருப்பாதீர்கள். கொடிநரம்பு மடங்கினால் குடுவை வாடிவிடும். உள்ளே விரலையோ குச்சியையோ விட வேண்டாம். திறக்காத குடுவையின் நீரைக் கண் நோய்க்கும் வேறு சில உபாதைகளுக்கும் அந்த மலைமக்கள் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். வழிகாட்டி அதைச் சொல்லக்கூடும். கேட்டுக்கொள்ளுங்கள், முயன்று பார்க்காதீர்கள். நீங்கள் ஒன்றைப் பிளந்தால் செடி ஒரு பருவத்து உழைப்பை இழக்கிறது. சாலையோரம் யாராவது வேரோடு பிடுங்கிய செடியை விற்றால், இரக்கப்பட்டும் வாங்காதீர்கள். அது உங்களோடு ஊர்வரை வந்து பிழைக்கப்போவதில்லை. விற்றவர் அடுத்ததைப் பிடுங்கப் போவார்.

மேகாலயம்வரை போக முடியாதவர்கள், குறிப்பாகத் தென் மாவட்டத்துக்காரர்கள், பாலோட்டுத் தோட்டத்துக்குப் போய்வரலாம். நாகர்கோவிலிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

வீட்டில் வளர்ப்பது

இனி வென்ட்ராட்டா போன்ற, வீட்டில் வைக்கக்கூடிய செடிகளைப் பற்றி. காசி மலைச் சரிவில் பார்த்த ஏழ்மையான மண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் தானாகப் புரியும். இந்தச் செடிகள் நம் வீடுகளில் சாவது பட்டினியால் அல்ல. நாம் அன்போடு இடும் மண்புழு உரத்தாலும் கடினத் தண்ணீராலும்தான்.

தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் இதுதான் பெரிய தடை. நெப்பந்தஸுக்குக் கொடுக்கும் நீரில் கரைந்திருக்கும் உப்பு 50 பிபிஎம்முக்குள் இருப்பது நல்லது, 100வரை சமாளிக்கும். பல நகரங்களில் போர்வெல் தண்ணீர் 500ஐத் தாண்டும், சில தெருக்களில் 1000ஐயும் தாண்டும். சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. செடி வாங்கும் முன் அதை வாங்குங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் உப்பு வெளியேறாது, நீர் வற்றிய அளவுக்கு இன்னும் செறிவாகும். இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது. மழைநீர்தான் முதல் தேர்வு. வடகிழக்குப் பருவமழையில் மாடியில் பிடித்து மூடிவைத்தால் ஒரு சில செடிகளுக்குப் பல மாதம் வரும். முதல் மழையை விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். தளத்தின் தூசியும் சுண்ணாம்பும் அதில் போய்விடும். அடுத்த தேர்வு ஆர்ஓ தண்ணீர், ஆனால் மீட்டரில் பார்த்துவிட்டு. சில இயந்திரங்களில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறார்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு; இயந்திரம் சுத்தமாக இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

ஊற்றும் முறை: மேலிருந்து தாராளமாக ஊற்றி, அடித் துளை வழியே வழிய விடுங்கள். மேல்பரப்பு சற்று காய்ந்ததும் மறுபடி. தொட்டியை நீர்த்தட்டில் நிற்க வைக்காதீர்கள். வீனஸ் ஃப்ளைட்ராப்புக்குச் சொல்லும் தட்டுமுறை இதற்குப் பொருந்தாது, வேர் அழுகும். தேங்கிய தட்டில் டெங்கு கொசு முட்டையிடும் என்பது இன்னொரு காரணம்.

தொட்டிக் கலவையில் தோட்ட மண், செம்மண், சாணம், மண்புழு உரம் எதுவும் கூடாது. உலர்ந்த ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட்டும் சம அளவில் கலந்தது நம்பகமானது. பாசி விலை அதிகம் என்பவர்கள் தேங்காய்நார்த் துண்டுகளைப் பாதியளவு சேர்க்கலாம். நம் ஊரில் அது மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் நாரில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, திரும்ப ஊறவைத்து, வடியும் நீரின் டிடிஎஸ் நீங்கள் ஊற்றிய நீரின் அளவுக்கு நெருங்கும்வரை அலசுங்கள். இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாக் கவனமும் வீண். தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மண்தொட்டியின் சுவரில் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

வெளிச்சம் நிறைய வேண்டும், உச்சிவெயில் வேண்டாம். கிழக்குப் பால்கனியில் காலை வெயில் பட்டால் போதும். மொட்டை மாடியென்றால் 50 சதவீதப் பச்சை நிழல்வலை. இலை கரும்பச்சையாக, நீளமாக, துவண்டு வளர்ந்து குடுவை வராமல் இருந்தால் வெளிச்சம் போதவில்லை. லேசான சிவப்புச் சாயல் நல்ல அறிகுறி. இலையில் வெளுத்த திட்டுகள் வந்தால் வெயில் சுட்டுவிட்டது.

காற்றின் ஈரத்தைப் பற்றி ஊருக்கு ஊர் சொல்ல வேண்டும். சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் பெரும்பாலும் கவலையில்லை. மதுரை, சேலம், திருச்சிப் பக்கம் அக்னி நட்சத்திர நாள்களின் வறண்ட காற்றில் குடுவைகள் மொட்டாகவே கருகும். அந்த வாரங்களில் மற்றச் செடிகளுக்கு நடுவே நிழலில் வைத்து, சுற்றியுள்ள தரையை நனையுங்கள். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் வெளியே விட்டால் செடி போய்விடும். கொடைக்கானலிலும் அந்த இரவுகளில் உள்ளே எடுத்துவிடுவதே நல்லது.

இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். புதுச்செடி வந்ததும் பழைய குடுவைகள் காய்வது இயல்பு. பயணத்தில் பட்ட அடி அது. புது இலைகள் வந்து அவற்றின் நுனி வீங்கும்வரை பொறுத்திருங்கள். பயணத்தில் குடுவை நீர் கொட்டியிருந்தால் மட்டும் கால்வாசிக்குக் காய்ச்சிவடித்த நீர் விடலாம். மூடியைத் தூக்கிப் பார்ப்பது, திறக்காத குடுவையைப் பிரிப்பது ஆகிய ஆசைகளைக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்தே சொல்லித் தடுக்க வேண்டியிருக்கும்.

உணவா? வெளியே வைத்த செடி தானே பிடித்துக்கொள்ளும். உள்ளே வைத்திருந்தால் மாதம் ஒருமுறை ஒரு குடுவைக்கு ஓரிரண்டு எறும்போ ஈயோ போதும். இறைச்சி, பால், சோறு, சீஸ் எதுவும் வேண்டாம். ஜீரணிக்கும் முன் அழுகி, குடுவையே பழுப்பாகிவிடும். ஹூக்கர் இறைச்சி போட்டது சோதனைக்காக, துணுக்கு அளவில். வேருக்கு உரம் இடவே வேண்டாம். நைட்ரஜன் வேர்வழியே தாராளமாகக் கிடைத்தால் குடுவை கட்டும் தேவையே செடிக்குக் குறைந்துவிடுகிறது. இலை செழிக்கும், குடுவை வராது.

ஒரு குடுவை சில மாதங்கள் உழைத்துவிட்டு மேலிருந்து காயும். முழுவதும் காய்ந்த பிறகு கத்தரித்தால் போதும். பாதி பச்சையாக இருக்கும்வரை அது இன்னும் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது. இலை பச்சையாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பூச்சி தின்னும் செடிக்கும் மாவுப்பூச்சி வரும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுங்கள். குடுவைக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த் தெளிப்பு இலையின் சுரப்பிகளை அடைக்கும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கலவையை மாற்றுங்கள். வேர்கள் கறுப்பாக இருப்பதைப் பார்த்து அழுகல் என்று வெட்டிவிடாதீர்கள், அதன் நிறமே அதுதான். முறியக்கூடியவை என்பதால் வேர்க்கட்டியைக் கலைக்காமல் அப்படியே தூக்கி வையுங்கள்.

பெருக்குவது

கொடி நீண்டதும் இரண்டு, மூன்று கணுக்கள் உள்ள துண்டாக வெட்டி, இலைகளைப் பாதியாகக் குறைத்து, ஈரமான ஸ்பேக்னம் பாசியில் நட்டு, மேலே ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை போட்டு நிழலில் வையுங்கள். வேர்விட இரண்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இடையில் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. கணுவிலிருந்து புதுத்துளிர் வந்து வளரத் தொடங்கினால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். தாய்ச்செடியிலும் வெட்டிய இடத்துக்குக் கீழே புதுக்கிளை வரும்.

விதை வேண்டுமென்றால் கதை வேறு. நெப்பந்தஸில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. ஒரே கொடியிலிருந்து எடுத்த துண்டுகள் எல்லாம் ஒரே பாலாகத்தான் இருக்கும். இரண்டும் அருகருகே, ஒரே நேரத்தில் பூத்தால்தான் விதை. மேகாலயத்தில் காசியானாவின் தொகுதிகள் துண்டு துண்டாகச் சிதறுவது ஏன் இவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து தெரியும்: ஒரு சரிவில் மிஞ்சியவை எல்லாம் ஆண் செடிகளாக இருந்துவிட்டால், அவை எத்தனை ஆண்டு பூத்தாலும் அங்கே புதுத் தலைமுறை கிடையாது. 1990களிலேயே இந்திய ஆய்வகங்கள் இதைத் திசு வளர்ப்பில் பெருக்கும் முறைகளை உருவாக்கிவிட்டன. செடியை உண்டாக்க முடியும். அது திரும்பி வாழச் சரிவு இருக்க வேண்டும்.

நண்பருக்குத் துண்டு கொடுக்கும்போது அழியாத மையில் பெயர்ச்சீட்டு எழுதிச் செருகுங்கள்: எந்த இனம் அல்லது கலப்பினம், எந்தச் செடியிலிருந்து எடுத்தது, எந்தத் தேதி, தாய்ச்செடி பூத்திருந்தால் ஆணா பெண்ணா. வென்ட்ராட்டாவையே 'அலாட்டா' என்று விற்கும் கடைகள் ஏராளம். கடையில் தவறான பெயரோடு வாங்கியிருந்து, பின்னால் சரியான பெயர் தெரியவந்தால், பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதி, முன்பு துண்டு வாங்கிப்போனவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.